துடைக்கப்பட்ட படகோட்டி

அருங்காட்சியகத்தின் மூன்றாம் கூடத்தில் மாட்டியிருந்த ஆற்றுப் படத்தில், படகு மாதத்துக்கு ஓர் அரிசி நீளம் வீதம் பாலத்தை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. ஓட்ட ஆளில்லாத படகு ஆற்றோடு போகாமல் வேறு எங்கே போகும்? ஆளில்லாமல் செய்தவர், அங்கே பழைய படங்களைத் துப்புரவு செய்கிற எச்சில்காரர். கேலிக்கு வைத்த பேர்தான். ஆனால் பழைய படத்தின் அழுக்கை எடுக்க எச்சிலுக்கு ஈடில்லை என்பது அந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். குச்சியில் பஞ்சைச் சுற்றி, நாக்கில் தொட்டு, நகத்தளவு இடமாக உருட்டி உருட்டித் துடைப்பார். இந்த மாதிரிப் படங்களை வரைந்தவர்கள் அவசரக்காரர்கள். வெளிச்சம் மாறுவதற்குள் முடித்தாக வேண்டும் அவர்களுக்கு. கிட்டே போனால் எல்லாம் வெறும் தீற்றல். பத்தடி தள்ளி நின்றால்தான் புகை புகையாகும், மனிதர் மனிதராவார். அதனால் ஒவ்வொரு நகத்தளவு துடைத்ததும் எழுந்து பின்னால் போய்ப் பார்க்க வேண்டும் என்பது பட்டறை வழக்கம். அன்றைக்கு அவருக்கு முழங்கால் வலி. சோம்பலும்தான், மறைப்பானேன். படகின் மேல் மிளகளவு கறுப்பாக ஒன்று பொருக்குத் தட்டியிருந்தது. ஈ எச்சம் என்று நினைத்து ஒரே உருட்டில் எடுத்துவிட்டார். சாப்பிட்டுவிட்டு வந்து வாசலில் நின்று பார்த்தபோதுதான் படகு காலியாக இருப்பது தெரிந்தது. பஞ்சைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். யாரிடமும் மூச்சு விடவில்லை.

மறுநாள் படம் பட்டறையிலிருந்து கூடத்துக்குத் திரும்பியது. அதில் கரையோரம் குடை பிடித்தபடி அந்தப் படகுக்காகக் காத்திருந்த பெண், பதினோராம் நாள் தலையைத் திருப்பி, உள்ளே வருகிற ஒவ்வொருவரையும் முகம் முகமாகப் பார்க்க ஆரம்பித்தாள். அப்போதுதான் படகு காலி என்பதும் மற்றவர்கள் கண்ணில் பட்டது. மேலதிகாரி விசாரணை வைத்தார். யாரோ கை வைத்திருக்கிறார்கள், வைக்கவிட்டது கூடத்துக் காவல்கார அம்மாள்தான் என்று முடிவானது. எச்சில்காரரும் அங்கே இருந்தார். “நான் துடைச்சு முடிச்சப்போ படகுல ஆள் இருந்தாரு” என்று ஒரே ஒரு பொய் சொன்னார். பதினெட்டு வருஷம் அந்த ஆற்றின் எதிரில் உட்கார்ந்திருந்த அம்மாளைக் கீழ்த்தளத்தில் முன்வாசலை ஒட்டி, பையும் குடையும் வாங்கி வைக்கும் அறைக்கு மாற்றினார்கள்.

அன்றிலிருந்து எச்சில்காரருக்கு எச்சில் ஊறவில்லை. தண்ணீர் குடித்துக் குடித்துத்தான் சாப்பாடு இறங்கியது. “என்ன பண்ணித் தொலைச்சீங்க, வாயைத் திறந்து சொல்லுங்களேன்” என்று மனைவி கேட்டுக் கேட்டு ஓய்ந்தாள். அந்த அம்மாளின் முகத்தில் விழிக்கக் கூசி ஐந்து வருஷம் பின்வாசல் வழியாகவே வந்து போனார். அவ்வளவு கேவலமாக இருந்தது அவருக்கு.

ஆறாம் வருஷம் படகின் மூக்கு பாலத்தின் நிழலைத் தொட்டது. பாலத்தைத் தாண்டினால் படச்சட்டம். அப்புறம் படகே இல்லை. அன்று முன்வாசல் வழியாக வந்தார்.

“அக்கா, நான்தான் துடைச்சேன். உங்க மேல பழி விழுந்தப்போ பொய் சொன்னேன். உங்க மூஞ்சியப் பாக்கவே வெக்கமா இருக்கு.”

அம்மாள் யாருடைய குடையையோ உதறி மாட்டினார். “எனக்காவது உக்கார நாற்காலி இருந்துச்சு. மேல ஒருத்தி ஆறு வருஷமா நின்னுக்கிட்டிருக்கா. அவகிட்ட சொன்னீங்களா?”

எச்சில்காரர் நடந்ததை மேலதிகாரிக்கு எழுதிக் கொடுத்துவிட்டுக் கூடத்துக்குப் போனார். இருபது பேர் பார்க்க, படத்தைப் பார்த்து உரக்கச் சொன்னார். அந்தப் பெண் கேட்டாள். குடையை மடக்கினாள். கரையோரமாகப் பாலம் வரை நடந்து, முழங்கால் தண்ணீரில் இறங்கிப் படகில் ஏறி, எதிர்நீரில் துடுப்புப் போட ஆரம்பித்தாள். துடுப்புப் போடுகிறவர் போகும் திசைக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார வேண்டும். ஆகவே விலகிப் போகப் போக அவள் அவரையே பார்த்துக்கொண்டு போனாள்.

அருங்காட்சியகம் படத்தின் பெயரைப் ‘படகில் பெண்’ என்று மாற்றி எழுதி ஒட்டியது. காவல்கார அம்மாள் கூடத்துக்குத் திரும்பினார். வேலையை விட்டுவிட்ட எச்சில்காரர் வாரம் ஒருநாள் வருகிறார். இப்போது அவருக்குக் கண் மங்கிவிட்டது.

“இன்னும் என்னைத்தான் பாக்குறாளாக்கா?” என்று கேட்பார்.

“ஆமாங்க. நில்லுங்க” என்பார் அம்மாள்.

நிற்பார்.