உடன்குடி பிளாட்பாரத்துக்கு வந்த கடைசி ரயில்

உடன்குடிக்கும் குலசை என்கிற குலசேகரன்பட்டினத்துக்கும் ஓடிக்கொண்டிருந்த குட்டி ரயில் 1940-ல் நின்றது. தண்டவாளத்தைக்கூடப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். பிளாட்பாரம் மட்டும் கிடந்தது. அதில் ஆடுகள் படுத்தன. சுடலைமாடத்தி கருப்பட்டி காயவைத்தாள். ரயில் போனதில் துளியும் வருத்தமில்லாதவள் அவள் ஒருத்திதான்.

அவளுடைய ஒரே மகள் சண்முகவடிவை, குலசையில் பலசரக்குக் கடை வைத்திருந்த காசிலிங்கத்துக்குக் கட்டிக்கொடுத்திருந்தாள். ரயிலை நிறுத்தப்போவதாகப் பேச்சு அடிபட்ட சமயத்தில், "எம்மவ புருசன் வீட்டுக்கு ரயில்லதான் போவா" என்று குலசை முத்தாரம்மனுக்கு நேர்ந்துகொண்டாள். தாலி ஏறியது, ரயில் நின்றது. அம்மனுக்கு நேர்ந்ததை மீற யாருக்குத் துணிச்சல் வரும்? காசிலிங்கம் வாரந்தவறாமல் பெண்டாட்டியை அழைத்துப்போக வண்டி கட்டிக்கொண்டு வருவான். விருந்து சாப்பிட்டுவிட்டு வெறும் வண்டியோடு திரும்புவான். எனக்கென்றால் பொறுமை இரண்டாவது விருந்திலேயே போயிருக்கும்.

"அத்தை, மாட்டுவண்டிக்கும் சக்கரம் இருக்குல்லா?"

"அப்ப சைக்கிளும் ரயிலுதான். சாப்பிடுங்க மருமவனே."

அந்த வருஷம் தசராவுக்குக் காசிலிங்கம் காப்புக் கட்டினான். குலசையில் காப்புக் கட்டியவர்கள் ஆளுக்கொரு வேஷம் போட்டு ஊர் ஊராய்க் காணிக்கை வாங்குவார்கள். காளி, ராஜா, கரடி, எதுவானாலும் அம்மன் ஏற்றுக்கொள்வாள். தன் வேஷம் என்னவென்று அவன் மூச்சு விடவில்லை.

ஒரு காலையில் பிளாட்பாரத்துப் பக்கம் 'கூ'வென்று சத்தம். ஆடுகள் சிதறி ஓடின. உடம்பெல்லாம் கரி பூசிக் காசிலிங்கம் வந்துகொண்டிருந்தான். தலையில் பானை, அதற்குள் புகையும் தேங்காய் மட்டை, கண்ணிலிருந்து தாரைதாரையாய் நீர். இடுப்பில் கட்டிய நார்க்கயிற்றுக்குள் இரண்டு சிநேகிதர்கள் பெட்டிகளாக ஓடிவந்தார்கள். ரயில் நின்றதிலிருந்து வேலையில்லாமல் இருந்த போர்ட்டர் ஜெபசிங், வீட்டுக்கு ஓடிப் பச்சைக்கொடியை எடுத்துவந்தார்.

"என்ன மருமவனே இந்தக் கோலம்?" என்றாள் சுடலைமாடத்தி.

"ரயிலு, அத்தை."

"இதா ரயிலு?"

"போன தசராவுக்குச் சங்கரபாண்டியன் காளி வேசத்துல வந்தப்ப, 'தாயே'ன்னு கால்ல விழுந்தியளா இல்லியா?"

"விழுந்தேன்."

"அவன் காளின்னா நான் ரயிலு."

இது ரயில் இல்லையென்று சுடலைமாடத்தி எப்படிச் சொல்வாள்? சொன்னால் அம்மனுக்குப் போட்ட வேஷத்தையே பழித்த மாதிரி ஆகிவிடும். அதற்குள் சண்முகவடிவு துணிமூட்டையோடு கயிற்றுக்குள் ஏறியாயிற்று. காப்பு அவிழ்க்கும்வரை புருஷன் தொடக்கூடாதென்று கடைசியில் தள்ளி நின்றாள், பாவம்.

ஜெபசிங் கொடி அசைத்தார். ரயில் புறப்பட்டது. முதல் பனையைத் தாண்டவில்லை, சுடலைமாடத்தி பின்னாலேயே ஓடிவந்தாள்.

"ஏலே, நிப்பாட்டுலே!" மருமகன் மரியாதையெல்லாம் பறந்துவிட்டது.

ரயில் நின்றது. அவளுக்கு மூச்சு வாங்கியது, கண் கலங்கியிருந்தது. "இவளும் போயிட்டா அந்த வீட்டுல நான் செவரோடயா பேசுவேன்?" என்றாள். அந்த நேர்ச்சை எதற்கென்று அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது.

காசிலிங்கம் புகைக்கண்ணைத் துடைத்துக்கொண்டான். "கடைசிப் பெட்டி இல்லாம ரயிலு எப்படிப் போவும் அத்தை? ஏறுங்க" என்று கயிற்றைத் தளர்த்திவிட்டான்.

சேலையை வரிந்துகட்டிக்கொண்டு ஏறினாள் சுடலைமாடத்தி. ஏறிய கையோடு, எஞ்சினைவிடச் சத்தமாகக் 'கூ' என்றாள்.