உதடு அவளுடையது

அந்தப் படத்தில் லுவீனியா டார்டனுக்கு ஐந்து பாட்டு. ஐந்தையும் வேறொருத்தி பாடி முடித்திருந்தாள்.

மிஸ் நார்க்ராஸ் என்று பெயர். ஓபரா சங்கீதம் படித்த வெள்ளைக்காரப் பெண். நல்ல குரல், அதில் லுவீனியாவுக்குச் சந்தேகமே இல்லை. கண்ணாடிக் கிண்ணத்தை விரலால் சுண்டினால் எழுமே, அப்படிச் சுத்தமான குரல். அதை வைத்துக்கொண்டு பருத்திக்காட்டுக் கறுப்புப் பெண்ணின் பாட்டைப் பாடச் சொன்னார்கள். அவளும் பாடினாள். பாட்டுத்தாளில் ஒவ்வொரு சொல்லையும் பாதி கடித்துத் துப்பியதுபோல எழுதியிருந்தார்கள். கறுப்பர்கள் குடியிருந்த சென்ட்ரல் அவென்யூவில் யாரும் அப்படிப் பேசி லுவீனியா கேட்டதில்லை. தெற்கே அவள் பிறந்த ஷ்ரீவ்போர்ட்டிலும் கேட்டதில்லை. தாளில் இருந்தபடியே மிஸ் நார்க்ராஸ் பாடினாள்; இசைத்தட்டில் ஏறிவிட்டது. படப்பிடிப்பில் அந்தத் தட்டு சுழலும்போது லுவீனியா வாயசைக்க வேண்டும். அவ்வளவுதான் அவள் வேலை.

கறுப்பர்கள் மட்டுமே நடிக்கும் படம். அவளைத் தேர்ந்தெடுத்ததே பாடக் கேட்ட பிறகுதான். பிறகு இசைப் பொறுப்பாளர் கெஸ்லர் அவளைத் தன் அறைக்கு அழைத்தார்.

"உன் குரல் நல்லா இருக்கு லுவீனியா. ஆனா இந்தப் படத்துக்கு அது கொஞ்சம் கரடுமுரடு. முகத்தை நீ குடு, குரலை நாங்க பாத்துக்கறோம்."

"கடைசிப் பாட்டு சர்ச் பாட்டு, மிஸ்டர் கெஸ்லர். அதையாவது நான் பாடறேனே."

"படத்துக்கு ஒரே குரல்தான் இருக்கணும்."

இன்னொரு தடவையும் கேட்டுப் பார்த்தாள். அதே பதில். மூன்றாவது தடவை கேட்பதில்லை என்று அவள் தனக்குள் முடிவு செய்துகொண்டாள்.

நான்கு பாட்டுக்கு வாயசைத்தாகிவிட்டது. அதைப் பிசகில்லாமல் செய்தாள் என்பதுதான் அவளை உள்ளே அரித்தது. ஒளிப்பதிவாளர் கைதட்டினார். தொழில் தெரிந்தவள் என்றார்கள். வீட்டுக்குத் திரும்பும் டிராம் வண்டியில், ஜன்னலில் தெரிந்த தன் வாயையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருப்பாள். ஒன்றும் தோன்றாது. இறங்குமிடம் வந்ததும் இறங்குவாள். ஐந்தாவது மட்டும் மிச்சம் இருந்தது. அது தன் குரலில் வர வேண்டும் என்ற எண்ணம் அவளை விட்டு நகரவில்லை. எப்படி வரும் என்றுதான் தெரியவில்லை.

சர்ச் காட்சிக்கு நிஜமான சபையே வேண்டும் என்று இயக்குநர் ஹால்ஸ்டெட் கேட்டிருந்தார். அதனால் லுவீனியா ஞாயிறுதோறும் பாடுகிற சர்ச்சின் பாடகர் குழுவையும், அவர்கள் கூட்டி வந்த சபையாரையும் ஒருநாள் கூலிக்கு அமர்த்தியிருந்தார்கள். முதல் வரிசையில் எஸ்ஸி போக். லுவீனியாவின் சிநேகிதி, சலவைக்கடையில் வேலை. கேலி பேசாமல் ஒருவேளைச் சோறு இறங்காது அவளுக்கு.

"லூ! என்னடி கேள்விப்படறேன்? உன் தொண்டையில வெள்ளைக்காரி குடி வந்துட்டாளாமே. வாடகை ஏதாவது தர்றாளா?"

"எங்க தர்றா? நான்ல வீட்டை விட்டுட்டு வாசல்ல நிக்கிறேன்."

எஸ்ஸி சிரித்தாள். அதற்குள் ஒத்திகைக்காகத் தட்டைப் போட்டார்கள். ஒலிபெருக்கியில் மிஸ் நார்க்ராஸின் குரல் சுத்தமாக எழுந்தது. எஸ்ஸி தலையைச் சாய்த்துக் கேட்டாள்.

"குரலெல்லாம் சரி. இது எந்த ஊருப் பேச்சுடி?"

"எழுதினவன் ஊரு."

"அவன் ஊருல யாருக்கும் பல்லே கிடையாதா?"

பின்வரிசையில் சிரிப்பு வெடித்தது. உதவி இயக்குநர் கையைத் தட்டி அமைதிப்படுத்தினார்.

முதல் டேக் பிழையில்லாமல் முடிந்தது. அடுத்ததும் அப்படியே. லுவீனியாவின் உதடு தட்டோடு இம்மி பிசகவில்லை. ஆனால் அவள் பின்னால் இருந்த முகங்கள் புகைப்படத்துக்கு உட்கார்ந்த முகங்களாக இருந்தன. ஹால்ஸ்டெட் தொப்பியைக் கழற்றி நாற்காலியில் எறிந்தார். கெட்ட மனிதர் இல்லை, அவசரத்தில் இருந்தார். செட்டாகப் போட்டிருந்த அந்த மரச் சர்ச்சை அன்று மாலையே பிரித்துவிட்டு அங்கே வேறொரு படத்துக்கு நடன மண்டபம் கட்டப்போகிறார்கள்.

"சாவு வீட்டுல கூட இதைவிட உயிர் இருக்குமேய்யா!"

"நம்ம சாவு வீட்டுக்கு இவரு வந்ததில்ல போல" என்று எஸ்ஸி முணுமுணுத்தாள்.

ஹால்ஸ்டெட் பீடத்தின்மேல் ஏறி நின்றார். "கேமராவை மறந்துடுங்க. ஞாயித்துக்கிழமை உங்க சர்ச்சுல எப்படிப் பாடுவீங்களோ அப்படியே வாய்விட்டுப் பாடுங்க. உங்க சத்தத்தை நாங்க பதிவு பண்ணல, பாட்டு தட்டுல இருக்கு. எனக்கு முகம்தான் வேணும்."

டீக்கன் டாலிவர் கையைத் தூக்கினார். பெரிய உடம்புக்காரர், சபைக் காரியங்களைப் பார்க்கிற மூத்தவர். "அப்படியேன்னா, ஞாயித்துக்கிழமை மாதிரியேவா சார்?"

"அட, அப்படியேதான்!"

"சரிங்க சார்" என்றார் டீக்கன். திரும்பித் தன் ஆட்களை ஒரு பார்வை பார்த்தார். எஸ்ஸி தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

தான் என்ன கேட்கிறோம் என்று ஹால்ஸ்டெட்டுக்குத் தெரியாது. லுவீனியாவுக்குத் தெரியும். அவர்கள் சபையில் பாட்டு தாளில் இருப்பதில்லை. பாடுகிறவள் ஒரு வரியைப் பாடிவிட்டு நிற்க வேண்டும். சபை பதில் சொல்லும். பதில் முழுசாக வந்து சேரும்வரை அடுத்த வரியைத் தொடக்கூடாது. தொட்டால் அவளை அவசரக்காரி என்பார்கள், அதைவிடப் பெரிய வசை அங்கே இல்லை. பதில் பொங்கி வந்தால் அதே வரிக்கே திரும்பிப் போக வேண்டும். எத்தனை தடவை என்று யாரும் கணக்கு வைப்பதில்லை.

கிளாப் கட்டையைத் தட்டினார்கள். தட்டு சுழன்றது. லுவீனியா முதல் வரியைத் தட்டோடு சேர்ந்து வாய்விட்டுப் பாடினாள். பாடி, மூச்சு எடுத்தாள்.

பின்னாலிருந்து எஸ்ஸி பதில் சொன்னாள். அவளைத் தொடர்ந்து டீக்கன். பிறகு மொத்தச் சபையும். மரச்சுவர் அதிர்ந்தது.

ஒலிபெருக்கி லுவீனியாவுக்கு அருகே ஒரு தூணுக்குப் பின்னால் இருந்தது. அந்த இரைச்சலுக்கு அடியில், மிஸ் நார்க்ராஸ் இரண்டாவது வரியைத் தொடங்கிவிட்டது அவளுக்கு மட்டும் கேட்டது. வேறு யாருக்கும் கேட்டிருக்க வழியில்லை.

ஓடிப்போய்ப் பிடித்துவிடலாம். அவள் உதட்டுக்கு அது பழகிப்போன வேலை. பிடித்தால் இந்த டேக்கும் கைதட்டலோடு முடியும். பின்னால் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறவர்கள் பாதியில் விடப்பட்டு நிற்பார்கள். பிடிக்காவிட்டால், அத்தனை பேரின் ஒருநாள் உழைப்பை வீணாக்கினாள் என்பார்கள். இனி எந்த ஸ்டூடியோ வாசலும் அவளுக்குத் திறக்காது. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்ததுபோலத் தெளிவாகத் தெரிந்தன. அவளுக்குள் எல்லாம் ஓய்ந்து ஒரு பெரிய அமைதி உண்டாயிற்று. பயம் இருக்கிறதா என்று தேடிப் பார்த்தாள். இல்லை.

நின்றாள். பதில் முழுசாக வந்து சேர்ந்தது. பிறகு அதே முதல் வரிக்குத் திரும்பினாள், கடித்துத் துப்பாத முழுச் சொற்களோடு, தன் பேச்சில்.

தட்டு எப்போது முடிந்தது என்று அவளுக்குத் தெரியாது. ஹால்ஸ்டெட் நிறுத்தச் சொல்லவில்லை. இரண்டு கேமராவும் ஓடிக்கொண்டிருந்தன. கடைசியில் எஸ்ஸி கண்ணைத் துடைத்துக்கொண்டு பெஞ்சில் சரிந்த பிறகுதான் அவருக்குப் பேச்சு வந்தது. "இதுதான்! இதுதான் எனக்கு வேணும்!"

ஒலிப்பதிவுக்காரர் மெதுவாகப் பக்கத்தில் வந்தார். "தட்டு முடிஞ்சு ரொம்ப நேரமாச்சு சார். இந்தம்மா தட்டை விட்டுட்டு எங்கேயோ போயிட்டாங்க."

ஹால்ஸ்டெட் லுவீனியாவைப் பார்த்தார். அவள் பார்வையைத் தாழ்த்தவில்லை.

"அதைக் கெஸ்லர் பாத்துக்கட்டும்" என்றார். தச்சர்கள் ஏற்கெனவே வாசலில் சுத்தியலோடு நின்றிருந்தார்கள்.

அதன் பிறகு சில நாட்களுக்கு ஸ்டூடியோவிலிருந்து பேச்சே இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, சர்ச் கூடத்தில் பொரித்த மீன் தின்றுகொண்டிருந்தபோது எஸ்ஸி கேட்டுவிட்டாள்.

"எங்களால உன் பிழைப்புல மண்ணு விழுந்துடுச்சாடி? உண்மையைச் சொல்லு."

"இல்ல."

"உன்னை இனிமே கூப்பிட மாட்டாங்கன்னு பேசிக்கிறாங்க."

"கூப்பிடுவாங்க" என்றாள் லுவீனியா. "மீனுக்குக் கொஞ்சம் காரம் போடு."

கூப்பிட்டார்கள். அவள் தங்கியிருந்த விடுதிக்காரம்மாவின் போனுக்கு அழைப்பு வந்தது, உடனே வரும்படி. போனபோது ஒலிப்பதிவுக் கூடத்தில் விளக்கு மங்கலாக இருந்தது. திரையில் அந்தச் சர்ச் டேக்; அவளுடைய முகம் சத்தமில்லாமல் பாடிக்கொண்டிருந்தது. அதன் எதிரே, அந்த வாயசைவுக்குப் பொருத்திப் பாட, மைக்கின் முன்னால் மிஸ் நார்க்ராஸ். கெஸ்லர் தாளம் காட்டும் கோலை அசைக்கிறார், அவள் தொடங்குகிறாள், திரையில் லுவீனியாவின் வாய் இன்னும் மூடியே இருக்கிறது. மறுபடியும். இப்போது வாய் திறந்துவிட்டது, இவள் பிந்திவிட்டாள். காலையிலிருந்து இதே கதையாம்.

மிஸ் நார்க்ராஸ் லுவீனியாவைப் பார்த்ததும் நேராக அவளிடம் வந்தாள். முகம் வெளிறியிருந்தது.

"எண்ணிப் பாத்துட்டேன். ஒவ்வொரு தடவையும் வேற நீளம். எப்பத் தொடங்கணும்னு உங்களுக்கு எப்படித் தெரியுது?"

"எனக்குத் தெரியாதும்மா. அவங்க சொல்லுவாங்க."

"யாரு?"

லுவீனியா திரையைக் காட்டினாள். அங்கே அவள் தோளுக்குப் பின்னால் எஸ்ஸியும் டீக்கனும் வாய் திறந்து நின்றார்கள்.

மிஸ் நார்க்ராஸ் சற்று நேரம் அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தன் மேல்கோட்டை எடுத்துக்கொண்டாள். "இது எனக்கு வராது மிஸ்டர் கெஸ்லர். மத்த நாலையும் பாடினேன். இது நான் பாடற பாட்டே இல்ல."

அவள் போனதும் கெஸ்லர் லுவீனியாவின் பக்கம் திரும்பினார்.

"வேணும்னே செஞ்சியா?"

"ஆமா சார். உங்க டைரக்டர் ஞாயித்துக்கிழமை மாதிரி வேணும்னாரு. குடுத்தேன்."

"செட்டைப் பிரிச்சாச்சு. ஹால்ஸ்டெட்டோ இந்த டேக்கை விடமாட்டேங்கிறாரு. என் கழுத்துல கத்தியை வச்சிட்டு நிக்கிற."

"நான் நின்னேன், அவ்வளவுதான். தட்டு போயிடுச்சு."

அவர் வாய்க்குள் ஏதோ சொல்லிக்கொண்டார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து கண்ணைத் தேய்த்தார். "நீ இதைப் பாடினா, நாலு பாட்டு ஒரு குரல்ல, கடைசிப் பாட்டு இன்னொரு குரல்ல. கேக்கிறவனுக்குத் தெரிஞ்சுடும்."

"அப்ப மத்த நாலையும் நானே பாடிடறேனே. உதடு என்னோடதுதானே."

"அது முடிஞ்சுபோன விஷயம். அதைத் தொட விடமாட்டாங்க."

அவர் பொய் சொல்லவில்லை என்று அவளுக்குப் புரிந்தது. அந்த நான்கையும் மனதில் ஒருமுறை எடுத்துப் பார்த்தாள். திரையரங்கில் ஊரே உட்கார்ந்து பார்க்கும். அவள் வாயிலிருந்து இன்னொருத்தி பேசுவாள். அது அப்படித்தான் இருக்கப்போகிறது.

"சரி சார். அப்ப தெரியட்டும்."

"என்ன?"

"குரல் மாறினது தெரியட்டும். தெரிஞ்சா நல்லதுதான்."

கெஸ்லர் அவளை ஏறிட்டுப் பார்த்தார். முதல் தடவையாகப் பார்ப்பதுபோல இருந்தது அந்தப் பார்வை. "மைக் முன்னால போ" என்றார்.

"தனியாப் பாட முடியாது. என் ஆளுங்க வரணும்."

"ஸ்டூடியோ கோரஸ் பக்கத்து அறையிலயே இருக்கு."

"அவங்க தாளைப் பாப்பாங்க சார். எனக்குப் பதில் யாரு சொல்றது?"

மறுநாள் பாடகர் குழு முழுவதும் வந்தது. எஸ்ஸி சலவைக்கடைக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டு, தேவைக்கு மேலேயே ஆரோக்கியமாக வந்து நின்றாள். விளக்கை அணைத்துத் திரையில் படத்தை ஓட்டியதும் ஒரே கலாட்டா.

"டீக்கன் வாயைப் பாருடி! அதுக்குள்ள டிராம் வண்டியே திரும்பும்."

"உன் தொப்பியைப் பாத்தியா? பின்னாடி ரெண்டு வரிசைக்கு ஆண்டவரே தெரிஞ்சிருக்க மாட்டாரு" என்றார் டீக்கன்.

கெஸ்லர் கோலால் மேசையைத் தட்டினார். முதல் முறை சரியாக வரவில்லை. அவர் கோலைப் பார்த்துப் பாடினார்கள். மிஸ் நார்க்ராஸுக்கு நேர்ந்ததே இவர்களுக்கும் நேர்ந்தது. லுவீனியா எல்லோரையும் தன்னைச் சுற்றி நெருங்கி நிற்கச் சொன்னாள். ஒருவர் மூச்சு இன்னொருவர் கழுத்தில் பட வேண்டும் என்றாள். இரண்டாவது முறை பாதிவரை பொருந்தி வந்து, எஸ்ஸி தன் அழுகையையே திரையில் பார்த்துத் திகைத்துப் போனதில் கலைந்தது.

மூன்றாவது முறை படம் ஓடத் தொடங்கியது. லுவீனியா முதல் வரியைப் பாடினாள். முழுச் சொற்கள், முழுக் குரல், கரடுமுரடோடு. பாடி நிறுத்தினாள். பதில் எழுந்தது. கெஸ்லரின் கோல் அடுத்த வரிக்காகக் கீழே இறங்கியது. அவள் போகவில்லை. திரையில் இருந்தவளும் வாயை மூடிக்கொண்டு காத்திருந்தாள். பதில் இன்னும் வந்துகொண்டிருந்தது. டீக்கனின் அடிக்குரல் மெல்ல வந்து அடியில் சேர்ந்தது. கெஸ்லர் ஒருகணம் கோலை அந்தரத்தில் பிடித்திருந்தார், பிறகு மேசைமேல் வைத்துவிட்டார்.

பதில் வந்து சேர்ந்தது. திரையில் வாய் திறந்தது. லுவீனியா பாடினாள்.