நூற்று மூன்று டிகிரி

திருப்பூரில் பனியன் மடிக்கும் வேலை பார்த்த மருதம்மாளுக்கு 1963 தைப்பூசத்தன்று வந்த நூற்று மூன்று டிகிரி காய்ச்சல் ஒன்பது வருஷம் இறங்கவில்லை. உடம்பில் வேறு கோளாறில்லை, மூன்று வேளையும் சாப்பிட்டாள். அவள் மடித்த பனியன் இஸ்திரி போட்டதுபோல் இருந்ததால் கம்பெனியிலும் யாரும் குறை சொல்லவில்லை. புருஷன் ரத்தினசாமிதான் பக்கத்தில் படுக்க முடியவில்லை என்று ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான்.

அங்கே எட்டாம் மாதத்திலேயே பிறந்த குழந்தையொன்று சில்லிட்டுக் கிடந்தது. குழந்தையைச் சூடாக வைக்கும் கண்ணாடிப் பெட்டி அந்த ஆஸ்பத்திரியில் கிடையாது. இருந்த ஒரே வெந்நீர்ப் பையும் ஒழுகியது. டாக்டர் சுப்புலட்சுமி மருதம்மாளின் கையைத் தொட்டுப் பார்த்தார். மாத்திரை எழுதவில்லை. குழந்தையை எடுத்து அவள் மாராப்புக்குள் வைத்து, “ஆடாம உக்காரு கண்ணு” என்றார். மத்தியானத்துக்குள் அது சிவந்து பாலுக்கு அழுதது.

அதோடு மருதம்மாள் கம்பெனியை விட்டாள். சோமனூரிலிருந்தும் காங்கேயத்திலிருந்தும் குழந்தைகள் வந்தன. ஒவ்வொன்றும் தேறி வீட்டுக்குப் போனபின் அது கிடந்த இடம் மட்டும் அவள் நெஞ்சில் சற்று நேரம் குளிர்ந்திருக்கும். அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. கண்ணாடிப் பெட்டி கேட்டு டாக்டர் மேலிடத்துக்கு வருஷாவருஷம் எழுதினார். ‘தங்களிடம் வெப்பச் சாதனம் ஒன்று நல்ல நிலையில் இயங்கி வருவதால் கோரிக்கை ஏற்கப்படவில்லை’ என்று வருஷாவருஷம் பதில் வந்தது. ஆய்வுக்கு வந்த அதிகாரி அவளைச் சுற்றிவந்து சுவிட்ச் எங்கே என்று கேட்டார்.

“அணைக்கறதுக்கு வழியில்லீங்க” என்றாள் மருதம்மாள்.

1972 ஐப்பசியில், மழை பெய்த ஒரு காலை, இரண்டு குழந்தைகள் மேலே கிடக்க அவளுக்கு வியர்த்தது. காய்ச்சல் இறங்கிவிட்டது. குழந்தைகளின் பாதம் நீலம் பாரித்தது. பஞ்சைச் சுற்றினார்கள், பனியன் துணியைச் சுற்றினார்கள், போதவில்லை. மருதம்மாள் பாதங்களை உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தாள். அப்போது சாப்பாட்டுத் தூக்கோடு ரத்தினசாமி வந்தான். வாங்கும்போது அவன் விரல் அவள்மேல் பட்டது.

“ஏனுங்க, உங்களுக்குச் சுடுதுங்க.”

“காத்தால இருந்தே ஒரு மாதிரியாத்தான் இருக்குது.”

“சட்டையைக் கழட்டுங்க.”

வார்டிலிருந்த பெண்களைப் பார்த்து அவன் கூசினான். “நா ஆம்பளை, புள்ளே.”

“அதுகளுக்கு அது தெரியாதுங்க.”

குழந்தைகள் அவன் நெஞ்சுமயிரில் மூக்கை உரசிச் சிணுங்கின, பிறகு தூங்கின. மாலைக்குள் பாதங்கள் சிவந்தன. மறுநாள் முதல் ரத்தினசாமி எட்டு மணிக்கு வந்து சட்டையை ஆணியில் மாட்டிவிட்டு உட்கார்ந்தான். மருதம்மாள் கம்பளி போர்த்திப் பக்கத்தில் உட்கார்ந்து, தலையை எப்படித் தாங்குவது என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.