காட்டாமணக்கு எண்ணெய்

எஞ்சின் லேப் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, கோயிலுக்குள் நுழைவதைப்போல உள்ளே வந்தாள் செல்லியம்மா. நகரிப் பக்கத்து ஊரிலிருந்து இரண்டு பஸ் மாறித் திருப்பதிக்கு வந்திருந்தாள். அவள் புருஷன் ஏகாம்பரம் அந்தப் பொறியியல் கல்லூரியில் பத்து வருடமாக அட்டெண்டர். இன்று எஞ்சினில் ஓடுவது அவர்கள் நிலத்துக் காட்டாமணக்கிலிருந்து எடுத்த பயோடீசல்.

எல்லாம் அவன் துண்டால் வந்த வினை. மூன்று வருடத்துக்கு முன்னால் இதே எஞ்சினில் பயோடீசலை முதன்முதலாக ஓட்டியபோது, புகைக்குழாய்க்கு நேரே வெள்ளைத் துண்டைப் பிடித்துப் பார்த்தான். டீசலுக்குக் கரியாக அப்பியது; இதற்கு லேசான பழுப்புதான். மீட்டரைவிடத் துண்டை நம்புகிறவன் அவன். எண்ணெய் எவ்வளவு குடிக்கிறது, இழுவை எவ்வளவு குறைகிறது என்று பக்கத்திலேயே கல்லூரிப் பிள்ளைகள் எழுதிக்கொண்டிருந்ததை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அடுத்தவன் காட்டில் கூலி செய்தே காலம் தள்ளிய குடும்பத்துக்கு அரசாங்கம் கொடுத்த முதல் நிலம், இரண்டு ஏக்கர். அதில் வேர்க்கடலையை நிறுத்திவிட்டுக் காட்டாமணக்கை நட்டான். காய்ப்பும் சரியில்லை. விதை வாங்குவதாகச் சொன்ன கம்பெனி சித்தூர் ஆபீஸைப் பூட்டிக்கொண்டு போய்விட்டது. உள்ளதும் போச்சுடா நொள்ளைக் கண்ணா என்று ஊர் சிரித்தது. மகன் வெங்கட் தடாவிலிருக்கும் தொழிற்சாலைக்கு ஒப்பந்தக் கூலியாகப் போனான்.

"கடலயா இருந்தா வறுத்தாவது துன்னுருக்கலாம்" என்றாள் செல்லியம்மா, ஓடும் எஞ்சினைப் பார்த்தபடி. காட்டாமணக்கு விதையை ஆடுகூட முகராது.

இன்றைய ஓட்டத்தைப் பார்த்துப் பேராசிரியர் சார் நல்ல வார்த்தை சொன்னால் கல்லூரியே விதையை வாங்கிக்கொள்ளும் என்பதுதான் ஏகாம்பரத்தின் மிச்ச நம்பிக்கை. பேராசிரியர் கோபிகிருஷ்ணன் கணக்கைப் பார்த்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"புகை கம்மிதான், ஏகாம்பரம். ஆனா அதே லோடுக்கு டீசலைவிட ஜாஸ்தி குடிக்குது. விலையும் கட்டுப்படியாகாது. ப்ராஜெக்ட் அயிப்போயிந்தி. இதோட முடிச்சிக்கலாம்."

அவர் வெளியே போனதும் எஞ்சின் சத்தத்துக்கு மேலே அவள் கத்திக் கேட்டாள்.

"இன்னாய்யா சொல்றாரு?"

"புகை கம்மியாம்."

அவள் பக்கம் திரும்பாமல் தோள் துண்டை எடுத்து மடித்தான். வெட்கமாக இருந்தது.

"நம்ம எண்ண இன்னும் எம்மா நேரம் ஓடும்?"

"கால் மணி."

அவள் கண்ணாடிக் குழாயில் இறங்கும் எண்ணெயையே பார்த்துக்கொண்டிருந்தாள். சத்தம் விட்டுவிட்டு வந்தது, பிறகு அடங்கியது. எண்ணெய் தீர்ந்த பிறகும் எஞ்சினின் கனத்த சக்கரம் தன்பாட்டில் சுற்றிக்கொண்டிருந்தது. அது நிற்கும்வரை இருவரும் நகரவில்லை.