சுவரில் இருந்திருக்க வேண்டிய பலகைகள்

பலகை செய்த நிறுவனத்திலிருந்து வந்த கடிதம் சின்னதுதான். எங்கள் மரவீட்டின் வெளிச்சுவரில் அடித்த பலகைகள் ஊறி உப்பியதற்கும், வடக்குப் பக்கம் காளான் முளைத்ததற்கும் பலகை காரணமல்லவாம். ஆணிகளை அளவுக்கு மீறி உள்ளே அறைந்ததுதான் காரணமாம். ஆகவே இருபத்தைந்து வருட உத்தரவாதம் செல்லாது.

அந்த ஆணிகளை அறைந்தது என் கணவர் டெல்மர். ஒன்பது வருடங்களுக்கு முன் காகித ஆலையில் இரண்டு வாரம் விடுப்பு எடுத்து, ஒவ்வொன்றையும் தன் கையாலேயே அடித்தார். கடிதம் வந்த பிறகு அவர் சரியாகச் சாப்பிடவில்லை. மேசையில் உட்கார்ந்து வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்.

"நான்தான் கெடுத்துட்டேனா, ஆர்டிஸ்?"

"ஆமா, அந்தக் காளானுக்கு உன் பேரையே வெச்சிடலாம். பேசாம சூப்பைக் குடி."

சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

வக்கீலைப் பார்க்கலாம் என்று ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். "நம்ம தப்புக்கு அடுத்தவன் மேல கேஸ் போடுறதா?" என்று மறுத்துக்கொண்டே இருந்தார். அக்டோபரில் ஒரு வெள்ளிக்கிழமை காலை, "போயிட்டு வா. அவசரமே இல்ல, மெதுவா வா" என்று அவரே கார் சாவியை எடுத்துக் கொடுத்தார். மனம் மாறிவிட்டார் என்று சந்தோஷமாகக் கிளம்பினேன்.

டுலூத் நகரத்தில் வக்கீல் ஹாபலா அம்மா நான் கொண்டுபோன போட்டோக்களை ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"மூணு வழி இருக்கு, மிசஸ் டாலெஃப்சன். இதே பலகையால நொந்தவங்க எல்லாம் சேர்ந்து ஒரு வழக்கு போட்டிருக்காங்க, அதுல சேரலாம். இல்ல, தனியா வழக்கு போடலாம். அதுக்கு முன்னாடி, உத்தரவாதத்தை வெச்சே இன்னொரு தடவை கேட்டுப் பாக்கலாம். எதுக்கும் ஆதாரம் ஒண்ணுதான்."

"ஆணியை என் வீட்டுக்காரர் ஆழமா அடிச்சுட்டார்ங்கிறாங்களே?"

"அடிக்கல. பலகைதான் தண்ணி குடிச்சு உப்பி, ஆணித் தலையை விழுங்கியிருக்கு. எத்தனை வீட்டுல பாத்துட்டேன்! உங்க வீட்டுக்காரர் ஒழுங்காத்தான் அடிச்சிருக்கார்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் காகிதக் கைக்குட்டைப் பெட்டியை என் பக்கம் தள்ளினார்.

"ஆனா போட்டோல ஆழத்தை அளக்க முடியாது. செவ்வாய்க்கிழமை எங்க நிபுணர் வந்து அளப்பார். அதுவரைக்கும் ஒரு பலகையக்கூடத் தொடாதீங்க. சுவர்ல இருக்கும்போது அளந்தாத்தான் செல்லும். உத்தரவாதத்துலயே பொடி எழுத்துல போட்டிருக்கான்."

வீடு வர ஒன்றரை மணி நேரம். 'நீ ஒழுங்காத்தான் அடிச்சிருக்கே, டெல்மர்.' இதை எப்படிச் சொல்வது, சொன்னதும் அவர் முகம் எப்படி மாறும் என்று வழி நெடுக நினைத்துக்கொண்டே வந்தேன்.

எங்கள் தெருவில் திரும்பியதும் புகை தெரிந்தது.

எங்கள் ஊரில் யாரும் உதவி கேட்பதில்லை. கேட்காமலே வந்து நிற்பார்கள். ஆலையில் டெல்மருடன் வேலை பார்த்தவர்கள், தேவாலயத்து ஆட்கள் என்று எட்டுப் பேர் கடப்பாரையோடு வந்திருந்தார்கள். அவர்கள் மனைவிமார் என் அடுப்படியில் உணவைச் சூடாக்கிக்கொண்டிருந்தார்கள். வீட்டின் நாலு பக்கமும் நீலத் தார்ப்பாய். முற்றத்தில் நெருப்பு, அதில் எங்கள் பலகைகள்.

"பாத்தியா ஆர்டிஸ்," என்று கத்தினார் பக்கத்து வீட்டு ராய்ஸ், "உன் ஆளு வீட்டைத் துணியில்லாம நிறுத்திட்டான்!"

டெல்மர் ஏணியிலிருந்து சிரித்தார். ஒரு மாதத்துக்குப் பிறகு சிரித்தார்.

"உனக்குத் தெரியாம செய்யணும்னுதான் போகச் சொன்னேன். என் தப்பு, நானே பிச்சுட்டேன். குளிர்காலத்தைத் தார்ப்பாயோட தள்ளிடலாம். இனி அவனுங்ககிட்ட கெஞ்ச வேண்டாம்."

"எல்லாத்தையுமேவா?"

"ஒண்ணு விடல!"

தட்டு எடுத்துக் கொடுத்தேன், நன்றி சொன்னேன், ராய்ஸின் ஜோக்குகளுக்குச் சிரித்தேன். பொழுது சாயும் நேரத்தில் கடைசி வண்டி போன பிறகுதான் சொன்னேன். விழுங்கப்பட்ட ஆணி, செவ்வாய்க்கிழமை, பொடி எழுத்து, எல்லாம்.

அவர் இலை வாரும் வாரியை எடுத்துக்கொண்டு நெருப்புக்குப் போனார். கிளறிக் கிளறி, கரிந்த அரைப் பலகை ஒன்றை இழுத்தார். கையுறை போடவில்லை.

"இங்க பாரு, இதுல ஆணி இருக்கு. இது போதுமா?"

"சுவர்ல இருந்திருக்கணும், டெல்மர்."

பலகை கையிலேயே உதிர்ந்தது.

"அப்ப நான் சரியாத்தான் அடிச்சிருக்கேன்."

"சரியாத்தான் அடிச்சிருக்கே."

"அதை இனிமே யாரு நம்புவா?"

"நான் நம்புறேன்."

அவர் தலையாட்டினார், தெரியாதவர் ஒருவர் வழி சொன்னால் தலையாட்டுவதுபோல. உள்ளங்கை சிவந்து கொப்பளித்திருந்தது. பிடித்துப் பார்க்கப் போனேன், இழுத்துக்கொண்டார்.

"அந்த ஆளுக்குப் போன் பண்ணிடு," என்றார். "செவ்வாய்க்கிழமை வர வேண்டாம்னு சொல்லு."