பார்வதி போகாத வழி

கவிநிலாவின் காரை விற்றே தீருவது என்று முடிவு செய்தபோதுதான் அந்தச் சனியன் சூடேற ஆரம்பித்தது. முதலியார்பேட்டை ரயில்வே கேட்டில் கொஞ்ச நேரம் நின்றால் போதும், சூடு காட்டும் முள் சிவப்புக்கு ஏறிவிடும், முன்பக்கம் ஆவி கிளம்பும். வாங்க வந்த ஆள் ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்துவிட்டு, சரிசெய்து கொடுத்தால் எடுத்துக்கொள்கிறேன் என்று போய்விட்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில் டயரை ஒரு உதை விட்டேன். என் கட்டைவிரல்தான் வீங்கியது.

கவிநிலா எங்கள் ஒரே மகள். சொந்தச் சம்பளத்தில் செகண்ட்ஹேண்டில் வாங்கிய கார். மாசி மாதம் மூளைக் காய்ச்சலில் போய்விட்டாள். எந்தச் சாமியையும் இனி நான் கும்பிடப் போவதில்லை, அது வேறு விஷயம். அவளை எடுத்த நாளுக்குப் பிறகு கார் வாசலிலேயே கிடந்தது. அதைப் பார்க்கப் பிடிக்காமல்தான் விற்க நினைத்தேன்.

என் மனைவி பார்வதிக்குக் காரைப் பற்றிக் கவலையில்லை. அவளுக்கு ஒரே கேள்விதான். எங்களில் பெண்கள் சுடுகாட்டுக்கு வருவதில்லை. கதறக் கதற அவளைத் தெரு முனையோடு பிடித்து நிறுத்திவிட்டார்கள். அதற்குப் பிறகு பிள்ளை எப்படிப் போனாள், அங்கே என்ன நடந்தது என்று சோறு போடும்போதும் கேட்பாள், பாய் விரிக்கும்போதும் கேட்பாள். நான் எரிந்து விழுவேன்.

மெக்கானிக் தணிகாசலத்தின் ஷெட் தவளக்குப்பம் போகிற ரோட்டில் இருக்கிறது. பார்வதியும் வருகிறேன் என்று ஏறிக்கொண்டாள். இஞ்சின் ஆறும்வரை தணிகாசலம் ரேடியேட்டர் மூடியைத் தொடவில்லை. பிறகு பார்த்தார். கொதித்து வெளியேறியதில் தண்ணீர் குறைந்திருந்ததே தவிர, எங்கும் ஒழுகவில்லை. ஃபேன் சுற்றியது. தெர்மோஸ்டாட்டைக் கழற்றி வெந்நீரில் போட்டார், அதுவும் ஒழுங்காகத் திறந்தது. கேஸ்கட் போயிருக்கும், என்னத்தைத் தேடுகிறீர்கள் என்று நான் நச்சரித்தேன். அவர் முன் பம்பரைக் கழற்றினார்.

ஏசி கண்டென்சருக்கும் அதற்குப் பின்னால் இருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில், பழுப்பாக ஏதோ மெத்தை மாதிரி அடைத்திருந்தது. கொஞ்சம் பிய்த்துப் பார்த்தார். காய்ந்த ரோஜா, சாமந்தி. காற்றுப் போக வழியில்லை, அதனால்தான் நின்றால் சூடேறுகிறது என்றார். இவ்வளவு பூ எப்படி உள்ளே வந்தது என்றுதான் அவருக்குப் புரியவில்லை.

எனக்குப் புரிந்தது. சவ ஊர்தியின் மேல் நின்றவர்கள் மாலைகளைப் பிய்த்து வழியெல்லாம் இறைத்தார்கள். என் மச்சான் ராஜவேல், நடக்க முடியாத பெரியவர்களை ஏற்றிக்கொண்டு, ஏசியைப் போட்டுக்கொண்டு, இந்தக் காரில் பின்னாலேயே ஊர்ந்து வந்தான். ஃபேன் அத்தனையையும் ஓரத்து இடுக்கு வழியாக இழுத்து வைத்திருக்கிறது. இதை அவரிடம் சொன்னேன்.

தணிகாசலம் தயங்கித் தயங்கி, பூவை ஊதித் தள்ளக் காற்றுக் குழாயை எடுத்தார். பார்வதி அதைப் பிடித்துக்கொண்டாள்.

"ஊதாதீங்கண்ணா. என்னத் தெரு முனையோட நிறுத்திட்டாங்க. இது எம்பொண்ணு கூடவே கடைசி வரைக்கும் போயிருக்கு."

அவர் குழாயை வைத்துவிட்டு, ரேடியேட்டரைக் கழற்றிக் கீழே இறக்கிக் கொடுத்தார். அவள் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிடுங்கி முந்தானையில் சேர்த்தாள். நான் அங்கேயே, ஷெட் ஆட்கள் பார்க்கப் பார்க்க, விக்கி விக்கி அழுதேன்.

எல்லாம் மாட்டி, கூலன்ட் ஊற்றி, ஏசியைப் போட்டு நிறுத்தியே ஓடவிட்டார். முள் பாதியைத் தாண்டவில்லை. வீட்டுக்குத் திரும்பும் வழியில், வீட்டில் நிறுத்த வேண்டாம், அப்படியே அவள் போன வழியில் போங்கள் என்றாள் பார்வதி. எங்கள் தெரு முனையைத் தாண்டினேன். சுடுகாட்டு வாசலில் வண்டியை நிறுத்தினேன். அவள் மறுபடியும் கேட்டாள். முதல் தடவையாக எனக்குக் கோபம் வரவில்லை.

"தீச்சட்டி எடுத்துக்கிட்டு நான் முன்னாடி நடந்தேன். அவ பின்னாடி வந்தா. இங்க வந்ததும் என்னத் திரும்பி நிக்க வச்சிதான் கொள்ளி வைக்கச் சொன்னாங்க. வச்சிட்டு, திரும்பிப் பாக்காம போன்னாங்க. வந்துட்டேன். நான் ஒண்ணுமே பாக்கல பார்வதி."

அவள் பூ கட்டிய முந்தானையை மடியில் அணைத்துக்கொண்டாள். பிறகு கேட்டாள்.

"அப்ப புள்ள தனியாவா இருந்தா?"