யுவேஜூ சொன்ன பொய்

சுவான்சோ துறைமுகத்துக் கப்பல்காரர் சென் வீட்டுப் பெண் யுவேஜூ, பதினேழு வயதில் ஃபூசோ அரண்மனைக்குள் போனாள். அரசரின் மூன்றாம் வரிசை மனைவி என்று பட்டம் கொடுத்தார்கள். அவளுடைய அப்பாவின் கப்பல்களை அதன்பிறகு துறையில் யாரும் மறிக்கவில்லை. அரசர் எப்போதாவது வருவார். சிப்பிக் கஞ்சி குடிப்பார், துறைமுகத்து வம்பு கேட்பார், தூங்கிப்போவார். அவர்மேல் அவளுக்குப் பெரிய மனக்குறை ஒன்றும் இல்லை.

வடக்கே இருந்த பேரரசருக்கு ஆண்டுதோறும் திறை அனுப்ப வேண்டும். தரைவழியை எதிரி நாடு அடைத்துக்கொண்டிருந்ததால் கப்பலில்தான் போயாக வேண்டும். போனவற்றில் பாதி திரும்புவதில்லை.

ஒருமுறை அண்ணன் போகாங் பார்க்க வந்தான். அரண்மனைக் காவலர் நின்றதால் தங்கையின் முன் நெற்றி தரையில் பட விழுந்து வணங்கினான். அவர் நகர்ந்ததும் முழங்காலைத் தட்டிக்கொண்டு எழுந்தான்.

"சின்ன வயசுல உன்னைக் குட்டினதுக்கெல்லாம் சேர்த்துப் பழிவாங்கிட்டே."

"இன்னும் மிச்சம் இருக்குண்ணா. உக்காரு, லிச்சி சாப்பிடு."

அவன் பழத்தைத் தொடவில்லை. "திறைக் கப்பலுக்குத் தலைவன் தேடுறாங்க. அரசர்கிட்ட என் பேரைச் சொல்லு."

"போன தடவை போனவரு எங்கே?"

"அவருக்குக் காத்தோட போக்கு தெரியல. எனக்குத் தெரியும்."

"அவரும் அதையேதான் சொல்லிட்டுப் போயிருப்பாரு."

"பொழச்சு வந்தா பிரபுப் பட்டம், யுவேஜூ. சாகுற வரைக்கும் மிளகு மூட்டை ஏத்திக்கிட்டே இருக்கச் சொல்றியா?"

சரி, சொல்கிறேன் என்று அனுப்பிவைத்தாள். சொல்லாமல் இருந்துவிடலாம் என்றுதான் நினைத்திருந்தாள். ஆனால் கஞ்சிக் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு அரசரே கேட்டார்: "உன் அண்ணன் கெட்டிக்கார மாலுமியாமே?"

"கெட்டிக்காரர்தான். உள்ளே ரெண்டு கிண்ணம் போச்சுன்னா கிழக்கு மேற்கு தெரியாது."

போகாங் குடித்து யாரும் பார்த்ததில்லை. அரசர் சிரித்தார். பதவி ஹுவாங் என்பவனுக்குப் போயிற்று.

அரண்மனைப் பேச்சு துறைமுகத்துக்கு எட்டாமல் இருக்குமா? சில நாளில் அண்ணனிடமிருந்து ஒரு ஜாடி அரிசிக் கள் வந்தது, கூட ஒரு வார்த்தைகூட இல்லை. மறு ஆண்டு ஹுவாங் பத்திரமாகத் திரும்பி வந்து பிரபுவானான். அம்மா இறந்த செய்தி யுவேஜூவுக்கு அடக்கம் முடிந்தபின், வேலைக்காரன் ஒருவன் வாயால்தான் தெரிந்தது. அன்று அவள் பட்டினி கிடந்தாள். அண்ணனைக் குறைசொல்ல மட்டும் வாய் வரவில்லை.

பிறகு படைத்தலைவர்கள் தங்களுக்குள் அடித்துக்கொண்டார்கள். அரசரைக் கொன்றார்கள், அரண்மனை பற்றி எரிந்தது. இளைய மனைவிமாரை எங்காவது போய்ப் பிழைத்துக்கொள்ளச் சொன்னார்கள். யுவேஜூ ஒரு துணி மூட்டையோடு ஆற்றுத்துறைக்கு வந்தாள். அங்கே போகாங்கின் படகு நின்றது. நான்கு நாளாக நிற்கிறதாம்.

"ஏறு," என்றான். தலைமுடி நரைத்திருந்தது.

படகு ஆற்றின் முகத்துவாரத்தைத் தாண்டியது. பிறகு, "ஹுவாங் திரும்பி வந்தான்," என்றான்.

"தெரியும்."

"நானும் வந்திருப்பேன்."

"வந்திருப்பே."

"அப்புறம் ஏன்டி?"

"நீ வருவேன்னு அப்போ எனக்கு யாரு சொன்னா?"

அவன் துடுப்புக்காரனைக் காரணமில்லாமல் ஏசினான்.

சுவான்சோவில் அண்ணி கிடங்குக்கு மேலிருந்த அறையைக் கூட்டிக் கொடுத்தாள். யுவேஜூ கடைசிவரை அங்கேயே இருந்தாள். மிளகு காயவைத்தாள், மருமகள்களோடு சண்டை போட்டாள். அண்ணன் அவளை மன்னித்தானா என்பது வீட்டில் யாருக்கும் தெரியாது. மீனிலேயே ருசியான கன்னச்சதையை மட்டும் தினமும் அவள் தட்டில் வைப்பான்.